மகன் வாங்கிய கார்டு கடனுக்கு அம்மாவின் சேமிப்புக் கணக்கைப் பிடிக்கலாமா?

கேள்வி: நான் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 54. கணவர் இல்லை. தறியில் லுங்கி நெய்து பிழைக்கிறேன். நானும் என் மகனும் சேர்ந்து ஒரு வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறோம். முதல் பெயர் என்னுடையது. கூலிப் பணம், சீட்டுப் பணம், மகளிர் உரிமைத் தொகை எல்லாம் அதில்தான் விழும். மகன் பெங்களூரில் வேலைக்குப் போனபோது அதே வங்கியில் ‘வட்டியில்லா கிரெடிட் கார்டு’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். 30,000 ரூபாய்க்கு போன் வாங்கினான், அப்புறம் சில்லறையாக ஒரு 12,000. எட்டு மாதம் மினிமம் தொகை கட்டினான். வேலை போனதும் நிறுத்திவிட்டான். இப்போது 58,400 பாக்கி என்கிறார்கள். மகளின் வளைகாப்புக்காகப் போன வாரம் 40,000 எடுக்கப் போனேன். கணக்கில் 71,000 இருக்கிறது, ஆனால் 58,400-க்கு ‘ஹோல்டு’ போட்டிருக்கிறது. “சிஸ்டம் போட்டிருக்கு, எங்க கையில இல்ல” என்கிறார் மேனேஜர். வட்டியில்லா கார்டுக்கு இவ்வளவு எப்படி ஏறியது? என் பணத்தை வங்கி எடுத்துக்கொள்ளலாமா? லோக் அதாலத் என்று ஒரு நோட்டீஸும் வந்திருக்கிறது, பையனைப் பிடித்துப் போவார்களா? மகளுக்கும் அந்த வங்கி தானாகவே ஒரு கார்டு அனுப்பியிருக்கிறது. வெட்டிப் போட்டுவிடலாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்: அம்மா, முதலில் பணத்தைப் பார்ப்போம், வளைகாப்பு காத்திருக்காது. ஹோல்டு 58,400-க்குத்தான், கணக்கு முழுவதற்கும் இல்லை. மீதி 12,600-ஐ இன்றே எடுத்துவிடுங்கள். அதைத் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இனி வரும் கூலிப் பணமும் உரிமைத் தொகையும் அந்தக் கணக்கில் விழ வேண்டாம். உங்கள் பெயரில் மட்டும், வேறு வங்கியில், மினிமம் பேலன்ஸ் தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்கி, ஆதாரை அதோடு இணையுங்கள்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். மகனின் கடனுக்கு உங்கள் கணக்கில் கை வைக்க வங்கிக்கு உரிமை உண்டா?

வங்கிகள் இதற்குக் காட்டுவது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவை. வாடிக்கையாளர் பாக்கி வைத்தால், அவருடையது என்று வங்கியின் கையில் இருப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை அது. அதை ஒட்டியே, ஒரே ஆளுக்குத் தர வேண்டியதையும் அவரிடமிருந்து வர வேண்டியதையும் நேர்செய்துகொள்ளும் உரிமையும் வங்கிக்கு உண்டு. மகன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு இருந்து, அதில் பிடித்திருந்தால் நான் உங்களுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுத மாட்டேன். ஆனால் இந்த உரிமைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு பக்கமும் அதே ஆள், அதே தகுதியில் இருக்க வேண்டும். கார்டில் கடன்பட்டவர் மகன் ஒருவர். சேமிப்புக் கணக்கில் வங்கி பணம் தர வேண்டியது உங்கள் இருவருக்கும் சேர்த்து. ஒருவரின் தனிக்கடனை இருவரின் கூட்டுப் பணத்தோடு நேர்செய்யக் கூடாது என்பது வங்கிச் சட்டத்தில் பழைய, தெளிவான விதி. அதற்கு நீங்கள் சம்மதித்து எழுதிக் கொடுத்திருந்தால்தான் விலக்கு.

“ஈதர் ஆர் சர்வைவர் கணக்குதானே, பையன் வந்து கேட்டால் முழுவதையும் கொடுப்போமே, அப்புறம் அது அவன் பணம்தானே” என்று வங்கி வாதம் வைக்கும். ‘இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் போனால் இருப்பவர் எடுக்கலாம்’ என்று பொருள்படும் அந்த மூன்று சொல்லும், யார் கையெழுத்துப் போட்டால் பணம் தரலாம் என்பதற்கான ஏற்பாடு மட்டும்தான். பணம் யாருடையது என்பதை அது தீர்மானிக்காது. அதைக் காட்ட உங்களிடம் இருக்கும் சாட்சி பாஸ்புக். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கூலி வந்த வரிக்கு எதிரே ‘நெசவு’, சீட்டு எடுத்த வரிக்கு ‘சீட்டு’, மாதம் 1,000 வந்ததற்கு ‘உரிமைத் தொகை’ என்று எழுதுங்கள். மகன் அனுப்பியது ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் குறியுங்கள். அந்தப் பக்கங்களை நகல் எடுத்து வையுங்கள். உரிமைத் தொகை பற்றி ஒரு வார்த்தை: 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோதே சில வங்கிகள் அதில் பிடித்தம் செய்ய, கடனுக்கோ சேவைக் கட்டணத்துக்கோ அதை நேர்செய்யக் கூடாது என்று தமிழக அரசு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் இதற்கென்று ஒரு வரி ஒதுக்குங்கள்.

உங்கள் வழக்கில் பலவீனமான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கணக்குத் தொடங்கிய விண்ணப்பத்தின் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், ‘தனியாகவோ கூட்டாகவோ உள்ள எந்தக் கணக்கிலிருந்தும் எங்களில் எவருடைய பாக்கியையும் எடுத்துக்கொள்ளலாம்’ என்ற மாதிரி வாசகம் இருக்கக்கூடும். மகன் கார்டு வாங்கும்போது போட்ட கையெழுத்து உங்களைக் கட்டாது. கணக்கு விண்ணப்பத்தில் நீங்களே போட்ட கையெழுத்து கட்டலாம். அதனால் வங்கியிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த விண்ணப்பத்தின் நகல்தான். அப்படி ஒரு வாசகம் இருந்தாலும், முன்னறிவிப்பே இல்லாமல் பிடித்தது சேவைக் குறைபாடு என்று வாதாட இடம் உண்டு.

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

“எனது சேமிப்புக் கணக்கில் 58,400 ரூபாய்க்கு ஹோல்டு போட்டிருக்கிறீர்கள். அது என் மகனின் தனிப்பட்ட கார்டு பாக்கி. அந்தக் கடனுக்கு நான் கடன்தாரரும் இல்லை, ஜாமீன்தாரரும் இல்லை. கணக்கில் உள்ளது என் நெசவுக் கூலியும் சேமிப்பும் அரசு உதவித்தொகையும். எனக்கு முன்னறிவிப்பு எதுவும் தரப்படவில்லை. எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி பிடித்தீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும், நான் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நகலைத் தரவும், ஹோல்டை உடனே நீக்கவும் கோருகிறேன்.”

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு வங்கி முத்திரை வாங்குங்கள். ‘வைத்துவிட்டுப் போங்கம்மா, பார்க்கிறோம்’ என்றால் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். முத்திரை போட மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். (பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. தபால் நிலையத்தில் பழைய பெயரைச் சொல்லி அலைய வேண்டாம்.) 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் மகளை விட்டுப் பதியச் சொல்லுங்கள். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இன்னொரு வழி, வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். வங்கியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. காலக்கெடு இரண்டு ஆண்டு. ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் போடாதீர்கள், ஆம்புட்ஸ்மேன் மனு தள்ளுபடியாகும். என்னைக் கேட்டால், இந்த மாதிரி ஹோல்டுக்கு முதலில் ஆம்புட்ஸ்மேன்தான் சரி. அங்கே புகார் பதிவானதுமே ஹோல்டு கழன்ற கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். வக்கீல் வைக்க வசதியில்லையே என்ற கவலையும் வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வக்கீலை அவர்களே நியமிப்பார்கள்.

அடுத்தது, வட்டியில்லா கார்டுக்கு வட்டி எப்படி வந்தது. கார்டு விற்க வருகிற பிள்ளைகள் இதை முழுசாகச் சொல்வதில்லை. பில் தொகை முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டினால் மட்டுமே வட்டி கிடையாது. ஒரு ரூபாய் மிச்சம் வைத்தாலும் அந்தச் சலுகை போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 5-ல் 30,000 ரூபாய் போன். ஜூன் 20-ல் பில். கெடு ஜூலை 10. வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 என்று வைத்துக்கொள்வோம். மினிமம் 1,500-ஐ மகன் சரியாக ஜூலை 10-ல் கட்டிவிடுகிறான். அவன் மனதில் ‘தப்பில்லாமல் கட்டிவிட்டோம்’. வங்கியோ ஜூன் 5-லிருந்து, போன் வாங்கிய நாளிலிருந்தே, வட்டி போடும். 30,000-க்கு 35 நாள் வட்டி 1,208 ரூபாய். மீதி 28,500-க்கு அடுத்த பில் வரை 10 நாள் வட்டி 328. இரண்டும் சேர்த்து 1,536. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 276. ஆக 1,812. கட்டியது 1,500, ஏறியது 1,812. கடன் 30,312 ஆகிவிட்டது. இதற்கு நடுவில் கார்டைத் தேய்த்து மளிகை வாங்கியிருந்தால் அதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. ஏ.டி.எம்.மில் கார்டு போட்டுப் பணமாக எடுத்தால் சலுகை நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. மினிமம் கட்டுவது தாமதக் கட்டணத்திலிருந்தும் கெட்ட பெயரிலிருந்தும் மட்டுமே காப்பாற்றும்.

42 சதவீதம் கந்துவட்டி இல்லையா என்று கேட்பீர்கள். 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் இன்றைய நிலை அது. எனவே வட்டி விகிதத்தை எதிர்த்துச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். மகன் கேட்க வேண்டியது, 58,400-ல் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு என்ற பிரிவுக் கணக்கு. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் சொல்கின்றன. தாமதக் கட்டணத்தையும் கெடு தேதிக்குப் பின் நிற்கும் பாக்கிக்கு மட்டுமே போட வேண்டும். இந்த இரண்டில் ஏதாவது மீறியிருந்தால் தொகை குறையும்.

லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வாரண்ட் இல்லை. ‘வந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்ற அழைப்பு அது. கார்டு பாக்கி சிவில் கடன். கட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் போலீஸ் பிடிக்காது. வங்கிக்கு செக்கோ, கணக்கிலிருந்து தானாக எடுக்கும் அனுமதியோ கொடுத்து அது திரும்பியிருந்தால் மட்டும் கதை வேறு, அது குற்ற வழக்காகலாம். மகனிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு லோக் அதாலத்துக்கு அவன் வரட்டும். பெங்களூரிலிருந்து காட்பாடி வழியாக ரயிலுக்கா பஞ்சம்? அங்கே தொகை குறைத்துப் பேசலாம். சம்மதம் இல்லாமல் யாரும் எதையும் எழுதிவிட முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளட்டும். உங்கள் கணக்கின் ஹோல்டை நீக்குவதையும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். ‘செட்டில்மென்ட்’ என்று முடித்தால் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது சில ஆண்டுகள் நிற்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது. உங்களை மிரட்டவும் கூடாது. ஏஜென்ட்டின் சொந்த ஜி-பே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

மகளுக்கு வந்த கார்டை வெட்டினால் பிளாஸ்டிக்தான் போகும், கார்டு கணக்கு அப்படியே இருக்கும். கேட்காமல் கார்டு அனுப்புவதே விதிமீறல். யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்ல வேண்டாம். 30 நாளுக்கு மேல் செயல்படுத்தாமல் கிடந்தால் வங்கி ஓ.டி.பி. வழியாகச் சம்மதம் கேட்க வேண்டும், கிடைக்காவிட்டால் 7 வேலை நாளில் செலவில்லாமல் மூட வேண்டும். அதுவரை காத்திராமல் ‘எனக்கு வேண்டாம், மூடுங்கள்’ என்று மகள் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடட்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி 7 வேலை நாளில் மூடாவிட்டால், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்கள் மகளுக்குத் தர வேண்டும்.

கடைசியாக, புதுக் கணக்குத் தொடங்கும்போது கவுன்டரில் “பையன் பேரையும் சேர்த்துடலாமாம்மா?” என்று வழக்கம்போல் கேட்பார்கள். உங்களுக்குப் பின் பணம் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் கூட்டுக் கணக்கு தேவையில்லை, நாமினி போட்டால் போதும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். மகனையும் மகளையும் ஆளுக்குப் பாதி என்று எழுதுங்கள். நீங்கள் இருக்கும்வரை அந்தப் பணத்தில் அவர்கள் இருவருக்கும் உரிமை இல்லை, அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் இல்லை.