காத்திருப்பு – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு நாலரை வயது. ஒரு சாக்லேட்டை முன்னால் வைத்து, "15 நிமிடம் தொடாமல் இருந்தால் இன்னொன்று" என்றேன். நான் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் தின்றுவிட்டாள். எதற்கும் பொறுமை இல்லை. பீச்சுக்குப் போகலாம் என்று சொன்னது வேலையால் மூன்று வாரமாகத் தள்ளிப்போகிறது. ஞாயிறானால் செருப்பை மாட்டிக்கொண்டு நின்று அழுகிறாள். செல்போன்தான் காரணமா? பொறுமையை எப்படிப் பழக்குவது?

அன்புள்ள தம்பி,

செல்போனை விடுங்கள். நாலரை வயதுப் பிள்ளைக்குப் பரீட்சை வைத்து, தோற்றுவிட்டாள் என்று எழுதுகிறீர்களே, படித்ததும் கோபம்தான் வந்தது.

நீங்கள் வைத்தது, 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷல் தொடங்கிய சோதனை. காத்திருந்த பிள்ளைகள் பின்னால் நன்றாகப் படித்தார்கள் என்ற செய்தி உங்களைப் பயமுறுத்தியிருக்கும். 2018இல் 900க்கும் அதிகமான பிள்ளைகளை வைத்து, குடும்பச் சூழலையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோனது.

அது போகட்டும். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளிடம் முதலில் "நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் கையை விரித்தார்கள். மிட்டாயை வைத்துக் காத்திருக்கச் சொன்னது அதற்கப்புறம்தான். சொன்னது கிடைத்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்.

எனக்கு ஆறு வயதில் ஒரு மண் உண்டியல் இருந்தது. நிறைந்ததும் திருவிழாவில் கொலுசு என்று பேச்சு. மிட்டாய் வாங்காமல் பத்துப் பைசா, இருபது பைசாவாகப் போட்டேன். ஒருநாள் காலையில் குப்பைக்குழியில் ஓடுகளைப் பார்த்தேன். வீட்டில் அவ்வளவு கஷ்டம், எடுத்ததைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பிறகு காசு கிடைத்த நிமிடமே கடைக்கு ஓடிக் கமர்கட் வாங்கினேன். "இவள் கையில் காசு தங்காது" என்றார்கள். எப்படித் தங்கும்?

போகிறபோக்கில் பீச்சைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முதல் ஞாயிறு காத்திருந்தாள். இரண்டாவது ஞாயிறும். மூன்றாவது ஞாயிறும் நம்பிச் செருப்பு மாட்டியிருக்கிறாள். அவளுக்கா பொறுமை இல்லை? அப்பா சொன்னால் நடக்காது என்று மூன்று வாரமாகக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். இரண்டாவது சாக்லேட்டை மட்டும் அவள் எதை வைத்து நம்புவாள்?

வரும் ஞாயிறு கூட்டிப்போங்கள். முடியாது என்றால் சனிக்கிழமை ராத்திரியே மடியில் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். இன்னொரு தடவை வாசலில் நிற்கவிடாதீர்கள்.