எலும்பும் மூட்டும்: வான்குடையில் இறங்குபவரின் கால்கள்

தேயிலைத் தோட்டச் சரிவுகளில் கணுக்கால் பிசகுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த நீலகிரி வாசகர்கள் சிலர், பாராசூட் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் அமைந்துள்ள மாவட்டத்தில் இப்படிப்பட்ட கேள்விகள் வருவதில் வியப்பில்லை. ராணுவ மருத்துவப் பணியில் இருந்த காலத்தில் நானும் குதித்தவன் என்பதால், இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

என் மகன் பாராசூட் பயிற்சிக்காக ஆக்ரா செல்லவிருக்கிறான். எங்கள் ஹட்டியில் (படுகர் சிற்றூர்) ஒருவர், குதிப்பவர்களுக்கு நாற்பது வயதுக்குள் முழங்கால் போய்விடும் என்கிறார். அது உண்மையா? காலைக் காப்பாற்றிக்கொள்ள அவன் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, கோத்தகிரி

அம்மா, அனைவருக்கும் முழங்கால் போய்விடும் என்பது மிகை. காயங்கள் நேர்வதுண்டு, அவற்றில் பெரும்பாலானவை தரையைத் தொடும் அந்த ஒரு கணத்தில்தான் நேர்கின்றன, அதிலும் கணுக்காலுக்கே அடி அதிகம். வட்ட வடிவப் பாராசூட்டில் தொங்கி வரும் வீரர் நொடிக்குச் சுமார் 5 முதல் 6 மீட்டர் வேகத்தில் தரைக்கு வருகிறார். 5 மீட்டர் வேகம் என்பது நான்கடிக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமம். 6 மீட்டர் என்றால் ஆறடி. கேத்தியில் கேரட் மூட்டைகளை ஏற்றி முடித்த தொழிலாளர்கள் லாரியின் பின்பக்கத்திலிருந்து குதித்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த உயரம்தான். ஆனால் லாரியிலிருந்து குதிப்பவர் கால் வைக்கும் இடத்தைத் தாமே பார்த்து வைத்துக்கொள்கிறார், பாராசூட்டில் வருபவருக்கோ அந்த இடத்தைக் காற்று முடிவு செய்கிறது. மணிக்கு 22 கிலோமீட்டர் அளவில் காற்று அடித்தால், கீழ்நோக்கிய 6 மீட்டர் வேகத்தோடு பக்கவாட்டிலும் அதே அளவு வேகம் சேர்ந்துகொள்ளும். உடல் தரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் அப்போது இரண்டு மடங்காகிவிடும். காற்று மிகுந்த நாளில் குதிப்பைத் தள்ளிவைப்பதற்கு இதுதான் காரணம்.

இவ்வளவு ஆற்றலையும் இரண்டு கணுக்கால்கள் மட்டும் தாங்க முடியாது, தாங்க வேண்டிய தேவையும் இல்லை. விமானத்தின் அருகில் போவதற்கு முன்பே தரையில் விழக் கற்றுக்கொடுப்பதும் அதனால்தான். இரண்டு பாதங்களும் இரண்டு முழங்கால்களும் ஒட்டியிருக்க வேண்டும். முழங்கால்கள் இலேசாக மடங்கி, தொடைத் தசைகள் சற்று இறுகி, தாடை மார்பில் படிந்திருக்க வேண்டும். முன்பாதம் மண்ணில் பட்டதும் உடலைத் திருப்பி, கெண்டைக்காலின் பக்கம், தொடையின் பக்கம், பிட்டம், முதுகின் பக்கத் தசை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் பதியவிட்டு உருள வேண்டும். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வரும் உடல் பத்து சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், அது தாங்கும் அதிர்வு புவியீர்ப்பைப் போல் சுமார் 18 மடங்கு. அதே உடல் உருண்டு, ஐம்பது சென்டிமீட்டர் தூரத்தில் அடங்கினால் அது நான்கு மடங்குக்கும் குறைவு.

முழங்கால்களை ஒட்டி வைப்பதில் ஏன் இத்தனை கண்டிப்பு என்று மகன் கேட்டால், எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் சிம்பைப் போல ஒரு காலுக்கு மறு கால் துணை நிற்கிறது என்று சொல்லுங்கள். கால்கள் அகன்றிருந்தால் ஒரு பாதம் முதலில் தரையில் படும்; முழு எடையும் அதன்மேல் சாயும்; பாதம் உட்புறமாகத் திரும்பி, நம் ஊரில் ஜவ்வு என்று சொல்லும் வெளிப்பக்கத் தசைநார் கிழியும், அல்லது முழங்கால் உட்பக்கம் மடிந்து அங்குள்ள தசைநார் அறும். எங்கள் பயிற்சியாளர் மடித்த கைக்குட்டை ஒன்றை எங்கள் முழங்கால்களுக்கு நடுவில் செருகிவிட்டு, மேடையிலிருந்து மணலுக்குக் குதிக்கச் சொல்வார். கைக்குட்டை நழுவினால் மறுபடியும் மேடைக்கு ஏற வேண்டும். முதல் நாள் நான் பதினோரு முறை ஏறினேன்.

இவ்வளவு பழகியும் என் மூன்றாவது குதிப்பில் வலது கணுக்கால் பிசகியது. காரணம் மிக எளிது: நான் கீழே பார்த்தேன். கடைசிச் சில நொடிகளில் தரை மேலெழுந்து வருவது போலத் தோன்றும்; அதைப் பார்க்கிற எவருடைய காலும் தானாகவே நீண்டு தரையைத் துழாவும். மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருப்பதாக எண்ணிக் காலை வைத்து ஏமாறுகிறோமே, அதே நீட்டல்தான். நீண்ட கால் விறைத்துவிடும், விறைத்த காலில் மடிப்பு இருக்காது. தொடுவானத்தைப் பார்க்கச் சொல்வது இதற்காகவே. இரவுக் குதிப்பில் தரையின் தூரம் தெரியாததால் எதிர்பாராமல் கால் பட்டுவிடும். ஆகவே உடலை முன்கூட்டியே தயார் நிலையில் வைத்து, தரை எப்போது வந்தாலும் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்வார்கள்.

உங்கள் ஹட்டிக்காரர் சொன்னதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. சரியாக ஆறாத ஜவ்வுக் கிழிசலும் அடிபட்ட குருத்தெலும்பும் பல ஆண்டுகள் கழித்து மூட்டுத் தேய்மானமாகத் திரும்பி வரக்கூடும். நெஞ்சில் சிறகுச் சின்னம் குத்திக்கொள்ள ஐந்து குதிப்புகளை முடிக்க வேண்டும் என்பதால், மூன்றாவதில் பட்ட வலியைச் சொல்லாமல் நான்காவதற்குப் போகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் மறைத்தவன்தான், குன்னூர்ப் படிக்கட்டுகளில் இறங்கும்போது அந்தக் கணுக்கால் இன்றும் அதை நினைவூட்டுகிறது. உங்கள் மகனிடம் நீங்கள் வாங்க வேண்டிய ஒரே உறுதிமொழி, வலித்தால் அன்றே சொல்லிவிடுவேன் என்பதுதான்.

ராணுவத்தில் சேர விரும்புகிறேன். கால்களை உறுதியாக்குவதற்காக எங்கள் வீட்டின் ஆறடிச் சுவரிலிருந்து தினமும் முப்பது முறை சிமெண்டுத் தரையில் குதித்து, தள்ளாடாமல் நேராக நிற்கப் பழகுகிறேன். சரியா?
— வாசகர், குன்னூர்

தம்பி, இன்றே நிறுத்திவிடுங்கள். பாராசூட் வீரர் எதைச் செய்யக் கூடாதோ அதை நீங்கள் தினமும் முப்பது முறை உடலுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அடி வாங்கி வாங்கி எலும்பு இரும்பாகும் என்ற எண்ணம் தவறு; ஓய்வில்லாமல் அதிர்வு பட்டால் கால் எலும்பில் நுண்ணிய விரிசல்தான் விழும். ஒற்றைக் காலில் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நிற்பது, குதிகாலை மெல்ல உயர்த்தி அதைவிட மெல்ல இறக்குவது, முழங்கால் உட்பக்கம் சாயாமல் உட்கார்ந்து எழுவது ஆகியவை போதும். விழுவதை ஆசிரியர் ஒருவரின் கண்பார்வையில் கற்பதே நல்லது.

நான் ஓய்வுபெற்ற வீரன். எங்கள் காலத்தில் பூட்ஸைத் தவிர வேறொன்றும் இல்லை. இப்போது கணுக்காலுக்குத் தாங்கு பட்டை அணிகிறார்களாமே? கணுக்காலைக் கட்டிவிட்டால் அடி முழங்காலுக்குப் போகாதா?
— வாசகர், வெலிங்டன்

ஐயா, இதே ஐயம் பல ராணுவங்களிலும் எழுந்தது. அமெரிக்கத் தரைப்படையின் ஃபோர்ட் பென்னிங் பயிற்சிப் பள்ளியில் 745 பேரை வைத்து நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பூட்ஸுக்கு வெளியே பட்டை அணிந்தவர்களில் 0.3 சதவீதத்தினருக்கும், அணியாதவர்களில் 1.9 சதவீதத்தினருக்கும் பாதம் உட்புறம் திரும்பும் சுளுக்கு ஏற்பட்டது. மற்றக் காயங்கள் அதனால் கூடவில்லை. அந்தப் பட்டை பாதம் பக்கவாட்டில் திரும்புவதை மட்டுமே தடுக்கிறது, மேலும் கீழும் அசைவதைத் தடுப்பதில்லை. ஆகவே நீங்கள் அஞ்சுகிறபடி அடி அப்படியே மேலே ஏறுவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை பிசகிய கணுக்கால் உள்ளவருக்கு அதைப் பரிந்துரைக்க நான் தயங்க மாட்டேன். ஆனால் கால்களை அகட்டி இறங்குகிறவரை எந்தப் பட்டையும் காப்பாற்றாது.

சுற்றுலா சென்ற இடத்தில் பாராகிளைடிங் செய்தேன். இறங்கும்போது ஓடச் சொன்னார்கள். ராணுவத்திலோ விழச் சொல்கிறார்கள். எது சரி?
— வாசகி, உதகை

இரண்டும் சரி, குடைதான் வேறு. பாராகிளைடரும் செவ்வக வடிவப் பாராசூட்டும் இறக்கை போலப் பறப்பவை. காற்றை எதிர்கொண்டு வந்து, தரைக்குச் சற்று மேலே இரு கைப்பிடிகளையும் ஒருசேர இழுத்தால் வேகம் அடங்கிவிடும், சில எட்டுகள் ஓடி நின்றுவிடலாம். வட்டக் குடையில் அப்படி வேகத்தைக் குறைக்க வழியில்லை. ஆனால் இறக்கைக் குடையிலும் இழுப்பது பிந்திவிட்டாலோ, காற்று திடீரென மாறினாலோ, நிற்க முயலாமல் கால்களைச் சேர்த்து உருண்டுவிடுவதே பாதுகாப்பு. இருவர் சேர்ந்து குதிக்கும்போது முன்னால் கட்டப்பட்டிருக்கும் பயணி கால்களை உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். பயணியின் கால் முதலில் தரையில் சிக்கினால் இருவருடைய எடையும் அதன்மேல்தான் வரும்.

கணுக்கால் பிசகினால் உடனே எண்ணெய் போட்டு நீவிவிடுவது எங்கள் வழக்கம். எப்போது எக்ஸ்ரே தேவை?
— வாசகர், கூடலூர்

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு நீவவே கூடாது. கிழிந்த இடத்தில் கசிவு கூடி வீக்கம் ஏறும். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கால் மணி நேரம் வைத்து எடுத்து, இறுக்கமில்லாமல் பட்டை சுற்றுங்கள். அடிபட்டவரால் நான்கு எட்டு வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் முட்டியின் பின்விளிம்பில் எலும்பை அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு உடைந்திருந்தால், முதுகு வலிக்கவில்லை என்று அவரே சொன்னாலும் இடுப்புப் பகுதி முதுகெலும்பையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். குதிகாலில் ஏறிய அதிர்வு அங்கே போய் முடிந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.