சீரம் சாப்பாடா?

வணக்கம் சேர்,

சீரம் இல்லாத வளர்ப்பு ஊடகத்தில் ஓரிரவு வைத்த கலங்களுக்கு மறுநாள் சீரம் விட்டால், சில நிமிடத்திலேயே உள்ளே அக்ரின் என்ற புரதத்தின் நார்கள் தடித்த கட்டுகளாக எழும்புவதைக் கம்பஸில் படமாகக் காட்டினார்கள். பசியில் கிடந்தவை சாப்பிட்டுத் தெம்பாகின்றன என்கிறாள் நண்பி. சாப்பாட்டுக்கு இவ்வளவு வேகமா?

— து., கோண்டாவில்

அன்புள்ள பிள்ளைக்கு,

உமது சந்தேகம் நியாயம். குளுக்கோசு, அமினோ அமிலம், விற்றமின் எல்லாம் ஊடகத்திலேயே இருக்கின்றன. சீரம் கொண்டுவருவது வேறு.

இரத்தத்தை உறையவிட்டு, உறைந்ததை ஒதுக்கினால் மிஞ்சுவது சீரம். உறையும்போது குருதிச் சிறுதட்டுகள் தம்முள் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிடுகின்றன. காயத்தை ஆற்ற உதவும் நாரரும்பர்க் கலத்துக்கு அது காயம் பட்ட செய்தி. 1974இல் ரசல் றொஸ் குழுவினர், சிறுதட்டு நீக்கிய திரவவிழையத்திலிருந்து (குருதியின் திரவப் பகுதியிலிருந்து) எடுத்த சீரத்தில் குருதிக்குழாய்த் தசைக் கலங்கள் சரியாகப் பெருகவில்லை என்று காட்டினார்கள். சிறுதட்டிலிருந்து வருவதைச் சேர்த்ததும் பெருகின.

நீர் பார்த்த கட்டுகளின் கதை 1992இல் லண்டனில் துலங்கியது. ஆன் றிட்லியும் அலன் ஹோலும் எலிக் கலங்களில் தேடியபோது, சீரத்தில் அந்த வேலையைச் செய்வது அல்புமின் என்ற குருதிப் புரதத்தில் ஒட்டிவரும் லைசோபொஸ்பற்றிடிக் அமிலம் என்ற சின்னக் கொழுப்பு என்று தெரிந்தது. அது கலத்துக்குள் போகத் தேவையில்லை. வெளிச்சவ்வில் செய்தியை ஏற்கும் வாங்கியைத் தொட்டால் உள்ளே றோ என்ற புரதம் விழிக்கும். றோ ஒருபுறம் அக்ரினை நாராக நீளவைக்கும், மறுபுறம் மயோசின் என்ற இன்னொரு புரதத்தை அந்த நார்களை இழுக்கவைக்கும். இழுபட்ட நார்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டாகின்றன. புதிதாக ஒன்றும் உற்பத்தியாக வேண்டியதில்லை. கழற்றிக் கட்டும் பந்தல்போல, உதிரியாகக் கிடந்த அக்ரினே போதும். வேகத்துக்குக் காரணம் அதுதான். (படத்தில் ஒளிர்ந்தது பெரும்பாலும் நச்சுக் காளானிலிருந்து எடுத்து, ஒளிரும் சாயம் பூட்டி, அக்ரினில் ஒட்டவிட்ட பலொயிடினாக இருக்கும். காளானின் நஞ்சு, நமக்குச் சாயம்!)

உதிரி அக்ரின் குறைந்ததும் அதுவரை அதனோடு பிணைந்திருந்த இன்னொரு புரதம் விடுபட்டுக் கலத்தின் கருவுக்குள் போய், அக்ரின் உட்படப் பல மரபணுக்களை முடுக்கிவிடும். அதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

நண்பியிடம் இதையும் சொல்லும்: நரம்புக் கட்டியிலிருந்து வளர்த்த சில கலங்கள் சீரம் இல்லாதபோதுதான் நீண்ட கிளை விடுகின்றன. சீரம் விட்டதும் கிளையை உள்ளிழுத்து உருண்டையாகிவிடும். அங்கும் அதே கொழுப்பு, அதே றோ.