கத்தினால் வேலை நடக்கிறதா?

கேள்வி: மோசமான மேலதிகாரிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நான் பதினான்கு பேருக்கு மேலாளர். நான் பாராட்டினால் மறுநாள் வேலை சொதப்பல். சத்தம் போட்டால் மறுநாள் ஒழுங்காக நடக்கிறது. பத்து வருடமாக இதைக் கண்ணால் பார்க்கிறேன். கெடுபிடி இல்லாமல் யாரிடமும் வேலை வாங்க முடியாது. திட்டு வாங்காமல் யார் முன்னேறியிருக்கிறார்கள்? இதில் என்ன தப்பு?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: பத்து வருடமாக நீங்கள் பார்த்ததை நான் அப்படியே நம்புகிறேன். அதற்கு நீங்கள் சொல்லிக்கொள்ளும் காரணத்தைத்தான் நம்பவில்லை.

கிட்டத்தட்ட இதே கேள்வியை 1960-களில் ஒரு விமானப்படைப் பயிற்சியாளர் கேட்டிருக்கிறார். கேட்டது டேனியல் கானமன் என்ற உளவியலாளரிடம். பிற்பாடு, 2002-ல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். அப்போது இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு அவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தண்டிப்பதைவிடப் பாராட்டினால் நன்றாகக் கற்றுக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதும், அனுபவசாலி ஒருவர் எழுந்து மறுத்தார். வானில் ஒரு சாகசத்தை அழகாகச் செய்த மாணவனைப் பாராட்டினால் அடுத்த முறை கெடுத்துவிடுகிறான், மோசமாகச் செய்தவனைக் கத்தினால் அடுத்த முறை தேறிவிடுகிறான், அதனால் பாராட்டு பலிக்கும் என்று எங்களிடம் சொல்லாதீர்கள் என்றார்.

கானமன் அங்கேயே ஒரு சோதனை வைத்தார். தரையில் ஒரு குறி. ஒவ்வொருவரும் அதற்கு முதுகைக் காட்டி நின்று, திரும்பிப் பார்க்காமல் இரண்டு முறை நாணயம் வீச வேண்டும். முதல் முறை குறிக்கு மிக அருகில் வீசியவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை தள்ளி வீசினார்கள். முதலில் மோசமாக வீசியவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை தேறினார்கள். நடுவில் யாரும் யாரையும் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை.

எந்த வேலைக்காரருக்கும் ஒரு வழக்கமான தரம் உண்டு. ரொம்ப மோசமான நாளுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் வழக்கமான நாள். ரொம்ப நல்ல நாளுக்கு அடுத்து வருவதும் அதே வழக்கமான நாள்தான். நீங்கள் சத்தம் போடுவது மோசமான நாளில், பாராட்டுவது நல்ல நாளில். அதனால் உங்கள் கத்தல் எப்போதும் பலித்த மாதிரியும், பாராட்டு எப்போதும் கெடுத்த மாதிரியும் தெரிகிறது. அன்று வாயே திறக்காமல் வீட்டுக்குப் போயிருந்தாலும், பெரும்பாலும் அதே மறுநாள்தான் வந்திருக்கும்.

சரி, லாபம் இல்லாவிட்டால் போகட்டும், நஷ்டம் என்ன என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தகவல் வருவது நின்றுபோகிறது. எனக்குத் தெரிந்து ஒரு மேலாளருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆசிரியரிடம் வேலை பார்த்தேன். கடும் உழைப்பாளி, மொழி தெரிந்தவர். பிழை கண்டால் புரூஃப் தாளை முகத்துக்கு நேராக வீசுவார். ஒரு இதழில் அஞ்சலிக் கட்டுரை. அச்சு ஓட ஆரம்பித்த பிறகு, இறந்தவரின் படத்துக்குக் கீழே உயிரோடு இருக்கும் அவருடைய தம்பியின் பெயர் விழுந்திருப்பதைப் பிழைதிருத்துபவர் கவனித்துவிட்டார். மெஷினை நிறுத்த நேரம் இருந்தது. அவர் என்னிடம் சொன்னார். நான் ஆசிரியர் அறைக் கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அன்று காலையில்தான் ஒரு சின்னப் பிழைக்காக எல்லோர் முன்னாலும் எனக்கு வசவு விழுந்திருந்தது. இதழ் வெளிவந்தது. அந்தக் குடும்பத்தின் முன்னால் போய் மன்னிப்புக் கேட்டு நின்றவர்களில் நானும் ஒருவன். தப்பில் என் பங்கை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்தவருக்கு, தன் இதழில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வழியை அவரே அடைத்து வைத்திருந்தார்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே பிழையை வாய்விட்டுச் சொன்னார்கள். பயம் இருந்த குழுக்களில் மூடி மறைத்தார்கள். 1996-ல் வந்தது அந்த ஆய்வு. உங்கள் பிரிவில் தப்பே நடப்பதில்லை என்று தோன்றினால், தயவுசெய்து அதை நினைத்து நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

இத்தனைக்கும் கத்தக்கூட வேண்டியதில்லை, லேசான அவமதிப்பே போதும். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 மருத்துவக் குழுக்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலை திடீரென்று மோசமாகிறது, என்ன நோய் என்று கண்டுபிடித்துச் சிகிச்சை செய்ய வேண்டும். சில குழுக்களிடம் மட்டும், வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் அந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் மட்டம் தட்டிப் பேசினார். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. காரணங்களில் முக்கியமானது: ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவரிடம் சொல்வதும், உதவி கேட்பதும் குறைந்துபோனது. இவர்கள் தேர்ந்த மருத்துவர்கள், செவிலியர்கள். திட்டினால் உஷாராவார்கள் என்ற உங்கள் நம்பிக்கையை இதோடு வைத்துப் பாருங்கள்.

நோக்கியா சரிந்ததை ஆராய்ந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள். மேலே இருந்தவர்களின் கோபத்துக்குப் பயந்து, மென்பொருள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை நடுமட்ட மேலாளர்கள் பூசி மெழுகிச் சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் அதை நம்பித் திட்டம் போட்டார்கள்.

அப்புறம், உங்கள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு. பணியிட மரியாதைக்குறைவைப் பற்றி நெடுநாள் ஆராய்ந்த கிறிஸ்டின் போரத்தும் கிறிஸ்டின் பியர்சனும், 17 தொழில்களில் 800 பேரிடம் கேட்டார்கள். அவமரியாதைக்கு ஆளானவர்களில் 48 சதவீதம் பேர் வேண்டுமென்றே உழைப்பைக் குறைத்ததாகச் சொன்னார்கள். 25 சதவீதம் பேர் அந்த எரிச்சலை வாடிக்கையாளர்மேல் காட்டியதை ஒப்புக்கொண்டார்கள். இதை எந்த ஊழியரும் உங்களிடம் வந்து சொல்லமாட்டார். நீங்கள் நிற்கும்போது வேகமாக வேலை செய்வார், அவ்வளவுதான்.

உடம்பும் விலை கொடுக்கிறது. ஸ்வீடனில் 3,122 ஆண் ஊழியர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். தங்கள் மேலாளர் நன்றாக நடத்துகிறார் என்று சொன்னவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதயநோய் வரும் அபாயம் குறைவாக இருந்தது. ஒரே பணியிடத்தில் வேலை பார்த்த காலம் நீளநீள இந்தத் தொடர்பு வலுத்தது. 2009-ல் வெளியான முடிவு இது.

திட்டு வாங்காமல் யார் முன்னேறியிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டு வாங்கியும் தாக்குப்பிடித்தவர்களைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். போனவர்கள், ஒடுங்கிப்போனவர்கள் உங்கள் கணக்கில் இல்லை. கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை. கெடு என்றால் கெடுதான். வேலை சரியில்லை என்றால் சரியில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டு, எது தப்பு, எப்போதுக்குள் எப்படி மாற வேண்டும் என்று சொல்வது கண்டிப்பு. நாலு பேர் முன்னால் ஆளை மட்டம் தட்டுவதில் அடுத்த முறைக்கான ஒரு வரி யோசனைகூட இல்லை.

உங்களுக்கும் யாரும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நன்றாக வேலை பார்த்தவரை, ஆட்களை நடத்தத் தெரியுமா என்று பார்க்காமலே மேலாளராக உட்கார வைப்பது எங்கும் நடக்கிறது. 214 அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, நன்றாக விற்றவர்களுக்குத்தான் பதவி உயர்வு அதிகம் கிடைத்திருந்தது, அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை சரிந்திருந்தது. அது நிறுவனங்களின் பிழை. ஆனால் நாளைக் காலை அந்த அறைக்குள் நுழையப்போவது நீங்கள்.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி. கடந்த ஒரு மாதத்தில், நீங்கள் கேட்காமலே, உங்கள் பதினான்கு பேரில் எத்தனை பேர் வந்து "இது தப்பாகிவிட்டது, நான்தான் செய்தேன்" என்று சொன்னார்கள்? ஒருவர்கூட இல்லை என்றால், அடுத்து யாராவது தயங்கித் தயங்கி வரும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: "எப்போது தெரிந்தது? இப்போது என்ன செய்யலாம்?" குரலை உயர்த்தாதீர்கள். மற்ற பதின்மூன்று பேரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். மூன்று மாதம் கழித்து, எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.