வாசகர் கேள்வி பதில்: ஈரானில் ஆள்வது யார்?

கேள்வி: ஈரானில் அதிபர் தேர்தல் நடக்கிறது, நாடாளுமன்றமும் இருக்கிறது. பிறகு ஏன் அதை மதகுருமார்களின் ஆட்சி என்கிறார்கள்?

பதில்: இரண்டுமே மெய்தான். 1979 புரட்சியை அடுத்து இயற்றப்பட்ட அரசியல் சட்டம், மக்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்புகளை ஏற்படுத்திவிட்டு, அவற்றுக்கெல்லாம் மேலே மார்க்கச் சட்ட அறிஞர் ஒருவரை உச்சத் தலைவராக அமர்த்தியது. படைகளின் தலைமை, நீதித்துறைத் தலைவரின் நியமனம், அரசு வானொலி, தொலைக்காட்சி எல்லாம் அவர் கையில். அதிபருக்கு எஞ்சுவது பெரும்பாலும் பொருளாதாரமும் அன்றாட நிர்வாகமும்தான்.

யாருக்கு வாக்களிப்பது என்பதை மக்கள் முடிவு செய்கிறார்கள். யார் போட்டியிடலாம் என்பதை 12 பேர் கொண்ட காவலர் மன்றம் முடிவு செய்கிறது. அவர்களில் 6 பேர் உச்சத் தலைவர் நேரடியாக நியமிக்கும் மார்க்க அறிஞர்கள். மற்ற 6 சட்ட வல்லுநர்களை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது என்றாலும், அவர்களின் பெயர்களை முன்மொழிபவர் உச்சத் தலைவர் நியமித்த நீதித்துறைத் தலைவர். 2021 அதிபர் தேர்தலுக்கு ஏறக்குறைய 590 பேர் பதிவு செய்ததில் 7 பேருக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. இருமுறை அதிபராக இருந்த ரப்சஞ்சானியின் மனுவே 2013இல் தள்ளுபடியானது என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

இதனால் தேர்தல் வெறும் நாடகம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1997இல் ஆட்சி பீடத்தின் ஆதரவு பெற்றவராகக் கருதப்பட்ட நாதெக் நூரியைத் தோற்கடித்து, சீர்திருத்தவாதியான காத்தமி ஏறத்தாழ 70 சதவீத வாக்குகளுடன் வென்றார். 2000இல் நாடாளுமன்றமும் சீர்திருத்தவாதிகள் வசமாயிற்று. அவர்கள் முதல் வேலையாகப் பத்திரிகைச் சட்டத்தின் கெடுபிடிகளைத் தளர்த்த முனைந்து, அதற்கான விவாதத்தையும் அவை அலுவலில் சேர்த்திருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்சத் தலைவர் காமெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவைத் தலைவர் கரூபி அதைச் சுட்டிக்காட்டி, விவாதத்துக்கே இடமில்லை என்று அறிவித்தார். உறுப்பினர்கள் கூச்சலிட்டதற்கு மேல் எதுவும் செய்ய இயலவில்லை. ஈரானில் வாக்குச்சீட்டின் எல்லை எதுவரை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: உச்சத் தலைவரை நீக்கவே முடியாதா?

பதில்: சட்டப்படி முடியும். 88 மார்க்க அறிஞர்களைக் கொண்ட நிபுணர் பேரவைதான் அவரைத் தேர்ந்தெடுக்கிறது. தகுதி இழந்தால் நீக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. அந்தப் பேரவையை மக்கள் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால், அதற்குப் போட்டியிடுவோரை வடிகட்டுவதும் அதே காவலர் மன்றம்தான். இந்த நீக்கும் அதிகாரம் இதுவரை பயன்பட்டதே இல்லை.

கேள்வி: அங்கே எல்லாம் மார்க்கச் சட்டப்படிதான் நடக்கிறதா?

பதில்: இல்லை என்பதே என் கருத்து, பலர் கவனிக்கத் தவறும் இடமும் இதுதான். 1980களில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிலச் சீர்திருத்தம், தொழிலாளர் நலம் போன்ற சட்டங்களை, மார்க்கத்துக்கு முரணானவை என்று காவலர் மன்றம் திரும்பத் திரும்பத் தடுத்தது. இந்த இழுபறிக்கு நடுவே 1988 ஜனவரியில், புரட்சிக்குத் தலைமை தாங்கி முதல் உச்சத் தலைவரான கொமேனி, அப்போது அதிபராக இருந்த காமெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். இஸ்லாமிய அரசைக் காப்பது தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகிய கடமைகளுக்கும் முந்தியது என்றும், தேவை ஏற்பட்டால் அவற்றையே அரசு தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம் என்றும் அதில் அறிவித்தார். அடுத்த மாதமே, அரசின் நலனைக் கருதி முடிவெடுக்க ஒரு தனி மன்றத்தை அமைத்தார். அதாவது, அறிஞர்களின் ஆட்சியில் அறிஞர்களின் சட்டத்துக்கு மேலே அரசின் தேவை அமர்ந்துகொண்டது.

1989இல் செய்யப்பட்ட அரசியல் சட்டத் திருத்தம், உச்சத் தலைவர் மிக உயர்ந்த நிலை மார்க்க அறிஞராக இருக்க வேண்டும் என்ற தகுதியையும் நீக்கியது. கொமேனிக்குப் பின் வந்த காமெனிக்கு அந்த நிலை அப்போது இல்லை. இதை வெளிப்படையாகக் கேள்வி கேட்டவர் ஆயத்துல்லா முந்தசேரி. இறைமறுப்பாளரோ மேற்கத்திய ஆதரவாளரோ அல்லர். 1979இல் அந்த அரசியல் சட்டத்தை வகுத்த பேரவைக்கே தலைமை தாங்கியவர், ஒரு கட்டத்தில் கொமேனியின் வாரிசாக அறிவிக்கப்பட்டவர். 1988இல் சிறைக் கைதிகள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டதைக் கண்டித்ததன் பின்னர் வாரிசுரிமையை இழந்த அவரை, 1997 முதல் 2003 வரை கும் நகரில் வீட்டுக் காவலில் வைத்திருந்தார்கள்.