நிலவியல் கேள்வி - பதில்: இரண்டு துளைகளுக்கு நடுவே

கேள்வி: நான் நிலவியல் முதுநிலை மாணவி. ஒரே குறுக்குவெட்டில், அதாவது நிலத்தைச் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பது போன்ற படத்தில், மூன்று துளைகள். மூன்றிலும் தங்கம் கிடைத்த ஆழங்களை இணைத்துத் தாதுப் பட்டையை வரைந்தேன். "பாறையை விட்டுவிட்டு எண்களை இணைத்திருக்கிறாய்" என்று வழிகாட்டி படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆய்வக எண்களை நம்பக் கூடாதா?

பதில்: எண்களைத் தாராளமாக நம்புங்கள். எண்களுக்கு நடுவே நீங்கள் போட்ட கோடுதான் சிக்கல். துளையிலிருந்து எடுக்கும் கல் உருளைதான் கோர். பரவலாகப் பயன்படும் என்க்யூ (NQ) அளவுக் கோரின் விட்டம் 47.6 மில்லிமீட்டர். துளைகளுக்கு இடைவெளி 50 மீட்டர் என்றால், கண்ணால் கண்டது அந்த ஒல்லியான கல் உருளையை மட்டும்தான். மீதி எல்லாம் ஊகம். அந்த மூன்று புள்ளிகள் செங்குத்தாக இறங்கும் ஒரே பட்டையாக இருக்கலாம். படிப்படியாக அடுக்கிய மூன்று சிறு பட்டைகளாக இருக்கலாம். நிலப்பிளவு ஒன்று வெட்டி நகர்த்திய ஒரே பட்டையின் துண்டுகளாகவும் இருக்கலாம். எது சரி என்பதை டன்னுக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு சொல்லாது, கோர் பெட்டிதான் சொல்லும்.

முதலில் பட்டையின் ஓரம் கோரின் அச்சோடு என்ன கோணத்தில் வெட்டுகிறது என்று அளந்து, அதைத் துளைக்கோட்டின் மேல் சிறு கீறலாகக் குறியுங்கள். உங்கள் கோடு 60 பாகையில் துளையைக் கடக்கிறது, கோரிலோ 25 பாகைதான் தெரிகிறது என்றால் கோடு தவறு. அழித்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. மாணவர்களுக்கு நான் சலிக்காமல் சொல்வது இது. கோரை அதன் அச்சில் எப்படிச் சுழற்றினாலும் அந்தக் கோணம் மாறாது. கிழக்கே 60 பாகை சாய்ந்து இறங்கும் துளையில் 60 பாகைக் கோணம் கண்டீர்கள் என்று வையுங்கள். பட்டை உங்கள் வெட்டுக்குச் செங்குத்தாக ஓடினாலும்கூட, அது மேற்கே 60 பாகை சாய்ந்திருக்கலாம், முற்றிலும் கிடைமட்டமாகவும் இருக்கலாம். இரண்டும் அந்தக் கோருக்குப் பொருந்தும்! திசை குறித்து எடுத்த கோரோ, வேறு சாய்வில் போட்ட இன்னொரு துளையோதான் இதைத் தீர்க்கும்.

வரையும் வரிசையும் முக்கியம். துளையை நேர்கோடாகப் போடாமல், கருவியை உள்ளே இறக்கி அளந்த சாய்வையும் திசையையும் கொண்டு போடுங்கள். 300 மீட்டர் துளை தொடக்கத்திலேயே 5 பாகை விலகினால் அதன் அடி 26 மீட்டர் தள்ளிப் போய்விடும். பிறகு நிலமட்டம், சிதைந்த பாறையின் அடி, பாறை வகைகள், நிலப்பிளவுகள். ஆய்வக எண்களைக் கடைசியில் சேருங்கள். அதுவரை அட்டவணையில் அந்த எண்கள் உள்ள பத்தியைத் தாளால் மூடி வைப்பது என் வழக்கம். தங்கத்தைக் கண்டுவிட்ட கண் பாறையைச் சரியாகப் பார்ப்பதில்லை.

கண்ட எல்லைக்கு முழுக்கோடு, ஊகித்ததற்கு விட்டு விட்டுப் போட்ட கோடு, அதுவும் உறுதியில்லை என்றால் கேள்விக்குறி. படத்தில் கேள்விக்குறி இருப்பது குறையில்லை. உங்கள் மூன்று புள்ளிகளுக்கும் பொருந்தும் இரண்டு வெவ்வேறு படங்கள் வரைந்து வழிகாட்டியிடம் கொண்டு போங்கள். இரண்டும் எந்த இடத்தில் அதிகம் முரண்படுகின்றனவோ, அடுத்த துளையை அங்கே கேளுங்கள். குறுக்குவெட்டு வரைவதே அந்த முடிவுக்காகத்தான்.

கேள்வி: தாளில் அடங்கவில்லை என்பதால் செங்குத்து அளவை மட்டும் இரு மடங்காக்கலாமா?

பதில்: கூடாது. 30 பாகைச் சாய்வு படத்தில் 49 பாகையாகிவிடும். பெரிய தாள் வாங்குங்கள்.

கேள்வி: ஒரு சுரங்க ஆய்வு நிறுவனத்தின் அறிவிப்பில் "10 மீட்டர் தாது" என்று இருந்தது. அதே துளையின் குறுக்குவெட்டில் பட்டை மூன்றரை மீட்டர்கூட இல்லை. எது பொய்?

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். 70 பாகை சாய்ந்த பட்டைக்குள் செங்குத்தான துளை இறங்கினால், அது பட்டையை 20 பாகைக் கோணத்தில் உரசிக்கொண்டே நெடுந்தூரம் போகும். துளையில் 10 மீட்டர் நீளம் தாது வந்தாலும் உண்மைத் தடிமன் 3.4 மீட்டர்தான். அதே பட்டையை எதிர்ப்பக்கத்திலிருந்து 60 பாகைச் சாய்வில் துளைத்திருந்தால் கோணம் 50 பாகை. 10 மீட்டருக்கு 7.7 மீட்டர் தடிமன் கிடைத்திருக்கும். எனவே "துளை வழி நீளம்" என்று மட்டும் எழுதி, துளை பட்டையை வெட்டிய கோணத்தையோ உண்மைத் தடிமனையோ தராத அறிவிப்பை வைத்துக்கொண்டு தாதுவின் அளவைக் கணக்கிட வேண்டாம். குறுக்குவெட்டைக் கேட்டு வாங்குங்கள். வந்ததும் அது பட்டை ஓடும் திசைக்குச் செங்குத்தாக வெட்டப்பட்டதா என்று பாருங்கள். 60 பாகை சாய்ந்த பட்டையை அதன் திசைக்கு 30 பாகையில் கோணலாக வெட்டினால், படத்தில் அது வெறும் 41 பாகை சாய்ந்ததாகத் தெரியும்.