நோட்டில் வராத 600 ரூபாய்

கேள்வி: அம்மா, எனக்கு 39 வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான்கு வருடமாக பெங்களூர் ரேஸுக்குப் போகிறேன். முதல் மூன்று வருடத்தில் மூன்றரை லட்சம் வரை போயிற்று. ஃபீஸ் கட்டிக் கற்றுக்கொண்டதாக அதை எடுத்துக்கொண்டேன். இப்போது டீக்கடை டிப்ஸ் கேட்பதில்லை. தோற்றதை எடுக்க இரட்டிப்பாகக் கட்டுவதில்லை. எல்லா ரேஸிலும் கை வைப்பதில்லை. 80,000 ரூபாயைத் தனி முதலாக ஒதுக்கி, ஒரு குதிரைக்கு அதில் 2 சதவீதம் மட்டும் கட்டுகிறேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறேன். பதினோரு மாதத்தில் 5,400 ரூபாய் லாபம். (அந்த முதலுக்காக அம்மாவின் வளையல்கள் பேங்கில் இருக்கின்றன. மாத வட்டி 600 ரூபாயைச் சம்பளத்திலிருந்து கட்டிவிடுவதால் அது நோட்டில் வராது.) ரேஸ் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நான் ரேஸுக்குப் போவது மனைவிக்குத் தெரியும், ஆனால் நம்பிக்கை இல்லை. ஒன்பது வயதில் ஒரு மகள். ஒழுங்கு வந்துவிட்டதால் 2 சதவீதத்தை 5 ஆக்கலாமா?
- பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: தம்பி, முழுப் பக்கக் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்தீர்களே இரண்டு வாக்கியம், அதை மட்டும்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றதெல்லாம் எனக்குப் பழக்கமான கடிதம். கிண்டியில் ரேஸ் நடந்த காலத்திலிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் கிண்டி நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தபோது இனி குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, பெங்களூர் பஸ் ஏறுகிறீர்கள், அவ்வளவுதான்.

முதலில் அந்த 600 ரூபாய். பதினோரு மாதத்துக்கு 6,600. உங்கள் லாபம் 5,400. ஆக 1,200 ரூபாய் நஷ்டம். பஸ் சார்ஜ், நுழைவுக் கட்டணம், ரேஸ் புக், மத்தியானச் சாப்பாடு எதுவும் இன்னும் சேரவில்லை. கடை வாடகையை வீட்டுச் செலவில் எழுதிவிட்டு வியாபாரத்தில் லாபம் என்று சொல்லும் ஆளிடம் நீங்கள் கடன் கொடுப்பீர்களா? தொழிற்சாலையில் உங்களுக்குக் கீழே இருப்பவர் இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுவீர்களா? சம்பளத்திலிருந்து கட்டினால் அது ரேஸ் செலவு இல்லையா? அந்தச் சம்பளம் உங்கள் மனைவியும் மகளும் சாப்பிடுகிற சம்பளம்.

சரி, இன்னொன்று. உங்கள் நோட்டு உண்மையென்றால் இன்றைக்கு உங்கள் கையில் 85,400 ரூபாய் இருக்க வேண்டும். வளையலை மீட்க 80,000 போதும். நாளைக் காலை பேங்க் திறந்ததும் போய் மீட்டுக்கொண்டு வரலாம். ஏன் இன்னும் மீட்கவில்லை? இந்தக் கேள்விக்கு இரண்டே பதில்தான் இருக்க முடியும். அந்தப் பணம் முழுதாக இல்லை, அதாவது நோட்டு பொய். அல்லது பணம் இருக்கிறது, ஆனால் அம்மாவின் கைக்கு வளையல் திரும்புவதைவிட அடுத்த சனிக்கிழமை ரேஸ் உங்களுக்கு முக்கியமாக இருக்கிறது. எது என்று எனக்கு எழுத வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

அம்மாவுக்கு என்ன சொல்லி வாங்கினீர்கள் என்பதைக் கடிதத்தில் எங்குமே காணோம். "பேங்கில் இருக்கின்றன" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். லாக்கரில் இருப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். உங்கள் மகளுக்கு ஒன்பது வயது. மூன்று நான்கு வருடத்தில் வீட்டில் ஒரு விசேஷம் வரும். பேத்திக்குப் போடுவதற்கு அந்த வளையலை எடுத்துவா என்று பாட்டி சொல்வார். அன்றைக்கு, அத்தனை சொந்தக்காரர்களும் இருக்கும் வீட்டில், என்ன சொல்லப்போகிறீர்கள்? நகைக்கடனை உரிய காலத்தில் மீட்கவோ புதுப்பிக்கவோ இல்லையென்றால் பேங்க் ஏலம் விடும். அதுவும் உங்களுக்குத் தெரியாதது இல்லை.

பெற்றவளின் நகை மகனுக்கு அவசர நேரத்தில் உதவலாம். ஆஸ்பத்திரிக்கு, படிப்புக்கு, வீட்டின் கூரைக்கு என்றால் அவரே கழற்றிக் கொடுப்பார். குதிரை ஓடுவதற்கு அது முதல் ஆகக் கூடாது. இதில் எனக்குக் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை. பழைய காலத்து ஆள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மூன்றரை லட்சத்தை "ஃபீஸ்" என்று எழுதினீர்களே, அந்தப் பணத்துக்கு உண்மையான ஃபீஸ் ரசீது ஒன்று உங்கள் மகளின் பெயரில் வந்திருக்கலாம்.

இப்போது உங்கள் ஒழுங்குக்கு வருகிறேன். நீங்கள் கற்ற பாடங்களில் தப்பு இல்லை. இரட்டிப்பாகக் கட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று பட்டே தெரிந்திருப்பீர்கள்: 500 ரூபாயில் ஆரம்பித்து ஏழு தடவை தோற்றால் 63,500 போயிருக்கும், எட்டாவதற்கு 64,000 வேண்டும். அதிகம் பேர் பணம் கட்டும் ஃபேவரிட் குதிரைகளே ஏறக்குறைய மூன்றில் ஒரு ரேஸில்தான் ஜெயிக்கின்றன. வரிசையாக ஏழு தோல்வி ஒன்றும் அதிசயம் இல்லை. அதை விட்டது நல்லது. ஆனால் மெதுவாகத் தோற்கக் கற்றுக்கொண்டதை ஜெயிக்கக் கற்றுக்கொண்டதாக எண்ணிவிட்டீர்கள். 80,000-ல் 2 சதவீதம் என்றால் ஒரு குதிரைக்கு 1,600. நாலுக்கு ஒன்று விலையில், அதாவது ஒரு ரூபாய்க்கு நாலு ரூபாய் லாபத்தில், ஒரே ஒரு குதிரை வந்தால் 6,400 லாபம் கிடைக்கும். உங்கள் பதினோரு மாத லாபம் மொத்தமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் குதிரை ஒரு கழுத்து நீளத்தில் பின்தங்கியிருந்தால் அந்த 6,400-ம் வராமல், கட்டிய 1,600-ம் போய், கணக்கு 8,000 மாறி, நீங்கள் 2,600 நஷ்டத்தில் இருந்திருப்பீர்கள். அப்போதும் ஒழுங்கு வந்துவிட்டது என்று எழுதியிருப்பீர்களா?

அப்புறம் வரி. குதிரைப் பந்தயத்துக்குக் கட்டும் பணம் முழுவதன் மீதும் முன்பு 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். போதாததற்கு, டோட்டில் (எல்லாருடைய பந்தயப் பணத்தையும் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும் முறை) கிளப் எடுக்கும் கமிஷன் வேறு. ஜெயித்த தொகை 10,000-ஐத் தாண்டினால் கொடுக்கும் இடத்திலேயே 30 சதவீதம் வருமான வரி பிடிக்கிறார்கள். தோற்ற டிக்கெட்டுகளைக் காட்டி அதில் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. இத்தனையும் போக ஒருவர் லாபத்தில் நிற்கிறார் என்றால் எனக்குச் சந்தேகம் வருகிறது. உங்கள் நோட்டில் வரியும் இல்லையோ? இல்லை, ரசீது கொடுக்காமல் போனில் பந்தயம் வாங்கும் புக்கியிடம் கட்டுகிறீர்களோ? அப்படியென்றால் அது சட்டத்துக்குப் புறம்பானது. அந்த ஆள் கடனுக்கும் பந்தயம் வாங்குவார். அந்தக் கடன் எந்த நோட்டிலும் ஏறாது, வசூலுக்கு மட்டும் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

உச்ச நீதிமன்றத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறீர்கள். 1974-ல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வழக்கில் 1996-ல் நீதிமன்றம் இது திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் ஆகாது என்று சொன்னது உண்மைதான். நீதிபதிகள் பேசியது ஆட்டத்தைப் பற்றி. ஓசூர்க்காரருக்கு அந்தத் திறமை இருக்கிறது என்று தீர்ப்பில் எழுதவில்லை. திறமையால் பணம் பார்த்தவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஹாங்காங்கில் பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980-களில் கம்ப்யூட்டரோடு போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டத்தையும் எண்களாக்கி, பல வருடம் கணக்குப்போட்டு, அதையே முழுநேரத் தொழிலாகச் செய்தார். அவரும் ஆரம்பத்தில் கொண்டுபோன பணத்தை இழந்தார். அங்கே முதலாவதாக வரும் குதிரைக்குக் கட்டும் வின் பந்தயத்தில் கிளப்பும் அரசுமாகச் சேர்ந்து எடுத்துக்கொள்வது 17.5 சதவீதம். இங்கே ஜிஎஸ்டி மட்டுமே அதைவிட அதிகம். அதை ரேஸ் புக்கையும் சனிக்கிழமை லீவையும் வைத்துத் தாண்டிவிடப் பார்க்கிறீர்கள்.

2 சதவீதமா 5 சதவீதமா என்ற கேள்விக்கும் கணக்கிலேயே பதில் இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956-ல் ஒரு சூத்திரம் எழுதினார். முதல் தொகையில் எத்தனை பங்கு கட்டலாம் என்பதை உங்களுக்குச் சாதகம் எவ்வளவு என்பதைக் கொண்டு அது சொல்லும். சாதகம் இல்லாத இடத்தில் அது தரும் விடை பூஜ்யம். உங்களுக்குச் சாதகம் இருக்கிறது என்று காட்ட உங்களிடம் இருப்பது வட்டி எழுதாத ஒரு நோட்டு.

மனைவிக்கு நம்பிக்கை இல்லை என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் சரியாகக் கணக்குப் போடுகிறவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று ராத்திரி மகள் தூங்கிய பிறகு நோட்டையும் நகைக்கடன் ரசீதையும் அவர் முன்னால் வையுங்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு கொஞ்ச காலம் அவரிடமே இருக்கட்டும். கையில் இருக்கும் ரேஸ் பணம் எவ்வளவோ அவ்வளவையும் கடனில் கட்டுங்கள். குறைகிற தொகைக்கு வேறு கடன் வாங்காதீர்கள், ஓவர்டைமில் கட்டுங்கள். சனிக்கிழமைகளில்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறதே.

இரண்டு வாரம் போகாமல் இருக்க முடியவில்லை, கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வளையல் வந்ததும் சத்தமில்லாமல் பீரோவில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாகப் படுத்துவிடாதீர்கள். அம்மாவின் கையில் கொடுங்கள். எதற்காக வாங்கினேன், எங்கே இருந்தது, எத்தனை மாதம் வட்டி கட்டினேன் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். அதற்கு அப்புறம் அவர் அந்த வளையலை உங்களை நம்பிக் கொடுப்பாரா, மருமகளிடம் கொடுப்பாரா என்பதை அவர் முடிவு செய்துகொள்வார்.